மேல்மடையும் கீழ்மடையும்

(இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் அடுத்தடுத்த இரு மாலைகளில் தமிழன்பர் கூட்டங்களில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆற்றுநீர்ச் சிக்கலைப் பற்றிப் பேசுமாறு ஒரு தமிழாசிரியனை அழைத்திருக்கின்றீர்கள். நான் பொறியாளன் அல்லேன், வழக்குரைஞனும் அல்லேன். எனக்குத் தெரிந்தது சொல். ஆதலால் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன். அச்சொல் 'முறை' என்பது.

வயலுக்கு நீர் விடும்போது, 'இன்று யார் முறை?' என்று கேட்கின்றோம். அங்கே முறை என்பது அடுத்தடுத்து வரும் வரிசை. தீங்குற்றவன் அரசனிடம் சென்று முறையிட்டான் என்கின்றோம். அங்கே முறை என்பது நேர்மை. 'அவர் உங்களுக்கு என்ன முறை?' என்று கேட்கின்றோம். அங்கே முறை என்பது உறவு. வரிசை, நேர்மை, உறவு ஆகிய மூன்றுக்கும் தமிழன் ஒரே சொல்லை வைத்தான். நீரைப் பகிர்ந்துகொள்ளும் இருவர்க்கிடையே இம்மூன்றும் ஒருங்கே இருத்தல் வேண்டும். மூன்றில் ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் நில்லா. நான் சொல்ல வந்ததன் சுருக்கம் இதுவே.

மேற்கே திரும்பிப் பாருங்கள். நமக்கும் மேலைக்கடலுக்கும் இடையே மதில்போல் நிற்பது மேற்குத்தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் முகில் அம்மலையின் மேலைச்சரிவிலேயே தன் சுமையில் பெரும்பகுதியை இறக்கிவிடுகின்றது. கீழைச்சரிவில் வாழும் நமக்கு எஞ்சிய தூறலும், ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையுமே உரியவை. இராசபாளையத்தின் முடங்கியாறும், தேவதானத்துச் சாத்தாகோவில் ஆறும், திருவில்லிபுத்தூர்ச் செண்பகத்தோப்பு ஓடைகளும், வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல் அணைகளுக்கு வரும் ஆறுகளும் குறுகிய ஆறுகள். மழை பெய்த அன்று வெள்ளமாகி, ஒரு திங்களில் மணலாகிவிடுபவை. இவை யாவும் வைப்பாற்றைச் சேர்ந்தவை. அவ்வைப்பாறோ சாத்தூர் வழியே சென்று மன்னார் வளைகுடாவை அடைவதற்குள் ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கின்றது. இன்று இராசபாளையத்தார் குடிக்கும் நீரில் ஒரு பகுதி தண்பொருநை எனும் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே வருகின்றது. நாமே இன்னொரு வட்டாரத்தாரின் ஆற்றில் பங்குபெற்று வாழ்கின்றோம். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மலைமுகட்டை எல்லையாக வைத்து அரசுகள் கோடு கிழித்தன. 1956 நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை நம்மிடம் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதன் வலியை இவ்வியக்கத்தார்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் நீர் அந்தக் கோட்டைப் படித்ததில்லை. ஓடை பள்ளத்தை நோக்கி ஓடும். அது அறிந்த ஒரே சட்டம் அதுதான். கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள மாந்தர்தாம் அதற்குச் சட்டம் செய்தாக வேண்டும்.

அப்படி நம் முன்னோர் ஒரு சட்டம் செய்திருந்தனர். சிவகிரிக்கு மேலே, இன்று கேரளக் காட்டெல்லைக்குள் இருக்கும் செண்பகவல்லித் தடுப்பணையைத்தான் சொல்கின்றேன். மேற்கே பெரியாற்றுப் பக்கம் இறங்கிவிடும் நீரில் ஒரு பகுதியை ஒரு கற்சுவரால் மறித்துக் கிழக்கே திருப்பும் எளிய அமைப்பு அது. 1733-இல் சிவகிரிப் பாளையத்தாரும் திருவிதாங்கூர் மன்னரும் உடன்பட்டு எழுப்பியது என்பது இவ்வட்டாரத்தில் வழங்கிவரும் செய்தி. சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து உழவரும், நம் இராசபாளையத்து உழவரும் அந்நீரைத் தம் உரிமையாகக் கருதி வந்தனர். 1960களில் ஒரு பெருவெள்ளத்தில் அச்சுவர் உடைந்தது. உடைந்த வாய் வழியே நீர் மீண்டும் மேற்கே போயிற்று. 1980களில் தமிழ்நாட்டரசு செப்பனிடும் செலவில் பாதியைக் கேரள அரசுக்குச் செலுத்தியது. பணம் போயிற்று, வேலை நடக்கவில்லை. அதன்பின் உழவர் வழக்குமன்றப் படியும் ஏறினர். சுவர் இன்னும் உடைந்தபடியே கிடக்கின்றது.

அன்பர்களே, இது காவிரி போலப் பெரிய வழக்கன்று. மலைபோல் அணை கட்ட வேண்டியதில்லை. ஆயிரம் கோடி உருபா தேவையில்லை. ஒரு சுவரைச் செப்பனிட வேண்டும், அவ்வளவே. ஆயினும் அரை நூற்றாண்டைத் தாண்டி அது நடக்கவில்லை. என்ன கரணியம்? 'மலையாளியின் வஞ்சம்' என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு நான் இறங்கிவிடலாம். எனினும் அவ்விடை எனக்கு நிறைவு தரவில்லை. ஏன் என்பதற்கு என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல நாணமாகத்தான் இருக்கின்றது.

நான் பிறந்தது இம்மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில். ஊர்ப்பெயர் வேண்டா. எங்கள் ஊருக்கு ஒரு கண்மாய். அது நிறைந்து கலுங்கு வழியே மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு நீர். கலுங்கு எப்படி இருக்கும் என்று இளைஞர்க்குச் சொல்கின்றேன். கரையில் ஓரிடத்தைத் தாழ்த்திக் கல் பாவி, அதன்மேல் வரிசையாகக் குத்துக்கற்களை நட்டிருப்பர். கல்பாவிய மட்டத்துக்கு மேல் வரும் நீர் அக்கற்களின் இடைவெளி வழியே வழிந்து கீழூருக்குப் போகும். அந்த மட்டம்தான் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள உடன்படிக்கை. எழுத்தில்லை, முத்திரையில்லை, கல்லே ஆவணம்.

1980களின் தொடக்கத்தில் ஒரு வறண்ட ஆண்டு. எனக்குப் பதின்மூன்று அகவை இருக்கும். மழை குறைந்து, கண்மாய் மட்டத்தை ஒட்டி வந்து நின்றது. இன்னும் ஒரு மழை பெய்தால் மறுகால் பாயும். அன்றிரவு எங்கள் ஊர் ஆடவர் பனையோலையும் களிமண்ணும் சுமந்து சென்று, குத்துக்கற்களின் இடைவெளியை அடைத்தனர். ஒரு முழ உயரம் கூடுதலாக நீர் நிற்கும் அன்றோ! சிறுவர் நாங்களும் சென்றோம். நான் என் கையால் மண் அப்பினேன். அன்று அது எனக்குப் பெருவீரமாகத் தோன்றிற்று. 'நம் ஊருக்காக' என்று நெஞ்சு நிமிர்ந்தேன். மறுவாரம் மழை பெய்தது. எங்கள் கண்மாய் பெருகிற்று. கீழூர்க் கண்மாயில் வெடித்த களிமண் தரையே கிடந்தது.

கீழூரிலிருந்து என்னோடு ஒரு மாணவன் படித்தான். நடந்தே வருவான். தை பிறந்தபின் அவன் வகுப்புக்கு வரவில்லை. கதிர் கருகிப்போனதால் அவன் குடும்பம் கூலிவேலை தேடிப் புறப்பட்டுவிட்டது என்று ஆசிரியர் சொன்னார். அவன் எங்கே போனான், என்ன ஆனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முப்பது ஆண்டாக வகுப்பறையில் வருகைப்பதிவு எடுக்கின்றேன். மறுமொழி வராத ஒரு பெயரைப் படிக்கும்போதெல்லாம் என் கையில் அந்தக் களிமண் ஒட்டியிருப்பது போல் இருக்கும்.

அடுத்த ஆண்டு இரண்டு ஊருக்கும் கைகலப்பு நேர்ந்தது. காவல்துறை வந்தது, வழக்குப் பதிந்தது, நீர் வரவில்லை. கடைசியில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் அந்தக் கலுங்கின் மேலேயே எதிரெதிரே அமர்ந்து பேசினர். நான்கு முடிவுகள் செய்தனர். ஒன்று: கல்லின் கழுத்தில் ஒரு கோடு வெட்டுவது, அதற்குமேல் ஒரு விரற்கடையும் அடைக்கலாகாது. இரண்டு: மழை பொய்த்த ஆண்டில் மேலூர் தன் நெல் முழுவதையும் காத்துக்கொண்டு கீழூரைக் காயவிடலாகாது, இரண்டு ஊரும் நடவைக் குறைத்துக்கொள்வது. மூன்று: கலுங்கைக் காப்பவர் மூன்றாவது ஊர்க்காரராக இருப்பது, அவர்க்குக் கூலிநெல் இரண்டு ஊரும் அளப்பது. நான்கு: ஆடியில் வரத்துக்காலையும் கலுங்கையும் இரண்டு ஊராரும் சேர்ந்து செப்பனிடுவது. இந்நான்கும் நின்றவரை பூசல் எழவில்லை.

கற்றோரே! உலகத்து ஆற்றுச் சிக்கல்கள் அனைத்தையும் எடுத்துப் பாருங்கள். இந்த நான்கில் ஒன்று இல்லாத இடத்தில்தான் சண்டை நடக்கின்றது. அளவு, குறைவில் பங்கு, பொதுக்காவல், பேணும் கடமை ஆகியவையே அந்நான்கு. செண்பகவல்லியை இப்போது இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். சுவர் அவர் நிலத்தில். பயன் நம் நிலத்தில். உடைந்தால் அவர்க்கு இழப்பில்லை. யார் செப்பனிடுவது, எத்தனை நாளுக்குள், செய்யாவிட்டால் யார் கேட்பது என்பதற்கு இருவர்க்கும் பொதுவான காவலர் ஒருவர் இல்லை. பாதிப் பணம் கொடுத்தோம். முழுப் பொறுப்பை எழுதி வாங்கவில்லை. நான்காவது முடிவு இல்லாமையால் வந்த கேடு அது.

அடுத்து, முல்லைப்பெரியாறு. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் இராமவர்மர் காலத்தில் உடன்படிக்கை ஆயிற்று. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஐந்து உருபா குத்தகை, 999 ஆண்டு காலம். பொறியாளர் பென்னிகுயிக்கு அணையைக் கட்ட, 1895 அக்டோபரில் மேற்கே ஓடிய ஆறு மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது. தேனியும் மதுரையும் இராமநாதபுரமும் அதனால் வாழ்ந்தன. 1970-இல் துணை உடன்படிக்கை ஒன்று செய்தனர். குத்தகை ஏக்கருக்கு 30 உருபாவாக உயர்ந்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போயிற்று. அந்நீரில் நாம் எடுக்கும் மின்னாற்றலுக்கும் கட்டணம் வரையறுத்தனர். அளவு உண்டு, விலை உண்டு, நல்ல உடன்படிக்கைதான்.

எங்கே தவறியது? அணை உறுதியானதா என்பதை இருவரும் ஒப்பும் ஒருவர் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு அதில் இல்லை. 1979-இல் அச்சம் எழுந்தது. நீர்மட்டம் 136 அடிக்கு இறங்கியது. வலுப்படுத்தும் வேலைகள் நடந்த பின்னும் மட்டம் ஏறவில்லை. 2006 பிப்பிரவரி 27-இல் உச்ச வழக்குமன்றம் 142 அடிக்கு ஒப்புதல் தந்தது. அடுத்த திங்களே கேரளப் பேரவை 136 அடிக்கு மேல் ஆகாதெனச் சட்டம் இயற்றியது. ஐவர் கொண்ட அமர்வு 2014 மே 7-இல் அச்சட்டம் செல்லாதென்று தீர்த்து, மூவர் கொண்ட மேற்பார்வைக் குழுவையும் அமைத்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது. முப்பத்தைந்து ஆண்டு! 1886-இல் ஆவணம் எழுதியவர்கள் பொதுக்காவலுக்கு ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் எத்தனை வேளாண்குடிகள் நிலத்தை விற்காமல் இருந்திருக்கும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அணைக்குக் கீழே வாழும் இடுக்கிப் பக்கத்து எளிய மக்களின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. அச்சம் பொய்யென்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அஞ்சுகின்றவனுக்கு அச்சம் மெய்தான். அதனைத் தீர்ப்பது சான்று, ஏளனம் அன்று.

காவிரிக்கு வருவோம். 1892-லும் 1924-லும் சென்னைக்கும் மைசூருக்கும் உடன்படிக்கைகள். ஐம்பது ஆண்டுக்குப்பின் 1924-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் சில பகுதிகளை மீளப் பார்ப்பதென்று எழுதியிருந்தனர். 1974 வந்தது; பார்க்கவும் இல்லை; தீர்க்கவும் இல்லை. அரசியல் சட்டத்தின் 262-ஆம் பிரிவும், மாநிலங்களுக்கிடை ஆற்றுநீர்த் தகராற்றுச் சட்டம் என்ற 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தும், நடுவர்மன்றம் அமைந்தது 1990 சூன் 2-இல்தான். இடைக்காலத் தீர்ப்பு 1991-இல். இறுதித் தீர்ப்பு 2007 பிப்பிரவரி 5-இல். அதனை நடுவணரசு தன் இதழில் வெளியிட்டது 2013-இல். உச்ச வழக்குமன்றத்தின் முடிவு 2018 பிப்பிரவரி 16-இல். மேலாண்மை ஆணையம் அமைந்தது 2018 சூன் முதல் நாளில். 1974-இல் பிறந்த குழந்தை நாற்பத்து நான்கு அகவையானது.

அளவு என்ன? டி.எம்.சி. என வழங்குவது நூறு கோடிக் கனஅடி. மொத்தம் 740 எனக் கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 404.25, கருநாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுவைக்கு 7 என்றனர். எஞ்சிய 14 ஆற்றின் நலத்துக்கும், கடலைச் சேர்வதைத் தவிர்க்க முடியாத நீருக்கும். ஆண்டுதோறும் பிலிகுண்டுலுவில் நமக்கு வந்துசேர வேண்டியது 177.25. மழை குறைந்த ஆண்டில் அனைவர் பங்கும் அதே விழுக்காட்டில் குறைய வேண்டும் என்பது நடுவர்மன்றத் தீர்ப்பிலேயே இருக்கின்றது. எங்கள் ஊர்க் கலுங்கில் எழுத்தறியாப் பெரியவர்கள் செய்த இரண்டாவது முடிவு இதுவே அன்றோ! ஆனால் மழை பெய்த ஆண்டில் தீர்ப்பு தேவையில்லை; வெள்ளமே பங்கிட்டுவிடும். மழை பொய்த்த ஆண்டில்தான் தீர்ப்பின் உயிர் தெரியும். அவ்வாண்டுகளில் ஒவ்வொரு முறையும் வழக்குமன்றக் கதவைத் தட்டியே நீர் பெற வேண்டியிருக்கின்றது. கல்லில் கோடு வெட்டியாயிற்று. காவலர்க்குக் கைவலிமை இன்னும் போதவில்லை.

இதுவரை நாம் கீழ்மடையில் நின்ற கதை. இனி மேல்மடையில் நிற்கும் கதையையும் கேளுங்கள். பரம்பிக்குளம்–ஆழியாற்றுத் திட்டம். 1970 மே 29-இல் தமிழ்நாடும் கேரளமும் கையொப்பமிட்டன. மேற்கே பாயும் ஆறுகளின் நீரைச் சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் திருப்பிக் கோவை, திருப்பூர்ப் பக்கத்துக் கரம்பை வளமாக்கினோம். அதற்கு ஈடாக, மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரைச் சித்தூர்ப் பகுதி உழவர்க்கு நாம் விட்டாக வேண்டும். அங்கே அணைக்கதவின் திறவுகோல் நம் கையில். வாடும் பயிர் மலையாளி வயலில். வறண்ட ஆண்டில் சித்தூர் உழவர் சாலைக்கு வந்து, 'தமிழ்நாடு எங்கள் நீரைத் தரவில்லை' என்று முழங்குகின்றனர். தஞ்சை உழவர் கருநாடகத்தை நோக்கிச் சொல்லும் அதே சொற்கள். மொழி மட்டும் வேறு.

இதனால் நான் சொல்ல வருவது நாம் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதன்று. மணக்கடவில் நாம் ஒரு துளி குறையாமல் அளந்து விடும்போது, பிலிகுண்டுலுவில் கேட்கும் நம் குரலுக்கு வலிமை கூடுகின்றது. மேல்மடையில் ஒரு முறை, கீழ்மடையில் வேறொரு முறை என்று பேசுகின்றவன் சொல்லை எந்த அவையும் மதியாது.

அயல்நாடுகளிலும் இதுவே கண்டது. 1895-இல் அமெரிக்காவின் தலைமை வழக்குரைஞர் ஆர்மன், தம் நாட்டு எல்லைக்குள் ஓடும் இரியோ கிராண்டே ஆற்றை என்ன செய்யவும் தம் நாட்டுக்கு முழு உரிமை உண்டென்றும், கீழே உள்ள மெக்சிகோவுக்கு விடை சொல்லக் கடமையில்லை என்றும் கருத்துரைத்தார். ஆனால் அவர் நாடே அக்கருத்தில் நிற்கவில்லை. 1906-இல் உடன்படிக்கை செய்து, மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 60,000 ஏக்கர்-அடி நீர் தர ஒப்பியது. வல்லரசுக்கும் அண்டை வீட்டான் அண்டை வீட்டானே. 1960-இல் உலக வங்கியின் துணையோடு இந்தியாவும் பாக்கித்தானும் சிந்துநீரைப் பகிர்ந்தன. மூன்று ஆறுகள் இவர்க்கு, மூன்று அவர்க்கு. 1965, 1971 போர்களிலும் அவ்வுடன்படிக்கை நின்றது. 2025 ஏப்பிரலில் பகல்காம் கொலைக்குப் பின் இந்தியா அதனை நிறுத்திவைத்தது. உறவு அற்ற இடத்தில் வரிசையும் ஆட்டங்காணும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? முறை என்ற சொல்லின் மூன்று பொருளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்றேனே, அது இதுதான்.

இணக்கம் இயலாதது என்றும் எண்ண வேண்டா. சென்னையின் குடிநீருக்காக மராட்டியம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் கிருட்டிணை ஆற்றின் தம் பங்கிலிருந்து தலைக்கு 5 டி.எம்.சி. தர 1976-இல் ஒப்பின. 1996-இல் அந்நீர் பூண்டிக்கு வந்தது. வழிச்செலவு போக 12 என்பது கணக்கு. எல்லா ஆண்டும் முழுதாக வருவதில்லை. ஆயினும் தெலுங்கு உழவர் நிலத்தைக் கடந்து தமிழர் தாகத்துக்கு ஒரு கால்வாய் வந்தது.

இனி, நம் வட்டாரத்தின் பெரும் கனவுக்கு வருகின்றேன். பம்பை–அச்சன்கோவில்–வைப்பாற்று இணைப்பு. மலைக்கு அப்பால் மேற்கே பாயும் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் நீரில் ஆண்டுக்கு 63.4 கோடிக் கனமீட்டரைச் சுரங்கம் வழியே வைப்பாற்றுக்குக் கொணரலாம் என நடுவணரசின் தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995-இல் அறிக்கை அளித்தது. அது வந்தால் ஏறத்தாழ 91,400 எக்டேர் நிலம் நீர்வளம் பெறும். கேரளம் ஒப்பவில்லை.

நம் மேடைகளில் இதைப்பற்றி ஒரே ஒரு சொற்றொடரைத்தான் கேட்கின்றோம்: 'வீணாகக் கடலில் போகும் நீரைத் தர மறுக்கின்றார்கள்'. அருள்கூர்ந்து இச்சொற்றொடரை நாம் விட்டுவிட வேண்டும். அந்நீர் கடலுக்குப் போகும் வழியில் குட்டநாடு இருக்கின்றது. கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த வயல்களில் நெல் விளைவிக்கும் மக்கள் அங்கே வாழ்கின்றனர். மேலிருந்து வரும் ஆற்றுநீர் குறைந்தால் வேம்பநாட்டுக் காயலில் உப்பு மேலேறும். காவிரிக் கடைமடையில் கடல்நீர் நிலத்துக்குள் புகுவதைக் கண்டு கண்ணீர் விடும் நாம் அதனை உணர மாட்டோமா? ஆற்றின் நலத்துக்கென நடுவர்மன்றமே பங்கு ஒதுக்கியிருக்க, கடலைச் சேரும் நீர் அனைத்தும் வீண் என்று நாம் எப்படிச் சொல்வது?

ஆகவே கேட்கும் வகையை மாற்றுவோம். 'உங்கள் வயலுக்கும் காயலுக்கும் எந்தத் திங்களில் எவ்வளவு வேண்டும்? இருவரும் ஒப்பும் வல்லுநர் அளக்கட்டும். வெள்ளம் பெருகும் திங்களில் மிகுவது எவ்வளவு? அதில் எங்களுக்கு ஒரு பங்கு. மழை குறைந்த ஆண்டில் முதற்குறைவு எங்களுக்கே. ஈடாக மின்னாற்றலில் உங்களுக்குப் பங்கு. காட்டுக்கு வரும் இழப்பையும் கணக்கில் எழுதுவோம்.' இவ்வாறு கேட்டால் கிடைத்துவிடும் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் மறுப்பவர் அப்போது கரணியம் சொல்லியாக வேண்டும். வசைக்கு வசை போதும்; கணக்குக்குக் கணக்குத்தான் விடையாகும்.

அதற்குமுன் நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. மலைக்கு அப்பாலிருந்து நீர் வந்தால் எங்கே வைப்பது? திருவில்லிபுத்தூர், இராசபாளையம் சுற்றுவட்டக் கண்மாய்களைச் சென்று பாருங்கள். வரத்துக்கால் எங்கே? அதன்மேல் மனைப்பிரிவுக்குக் கல் நட்டிருக்கும். உள்வாயில் சீமைக் கருவேலம் காடாகி நிற்கும். மடை அடைந்திருக்கும். கழிவுநீரும் குப்பையும் நகரத்தின் பங்களிப்பு. இவற்றைக் கருநாடகம் செய்யவில்லை, கேரளமும் செய்யவில்லை. ஆண்டுதோறும் குடிகள் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் பழைய கடமை நம் கையைவிட்டு நழுவியது. நாம் தேடவும் இல்லை. செண்பகவல்லிச் சுவரைச் செப்பனிடாத கேரளத்தைக் கடிந்துரைக்கும் நாம், நம் ஊர்க் கலுங்கில் உடைந்த கல்லை எடுத்து வைத்தோமா? பேணும் கடமை என்ற நான்காவது முடிவு நமக்கும் உரியதன்றோ?

உடன்பிறப்புகளே! இக்கூட்டம் பேச்சோடு முடியலாகாது. நான்கு வேண்டுகைகளை முன்வைக்கின்றேன்.

முதலாவது, செண்பகவல்லித் தடுப்பணையைச் செப்பனிடத் தமிழ்நாடும் கேரளமும் காலவரையறையோடு கூடிய புது உடன்படிக்கை எழுத வேண்டும். ஆண்டுதோறும் இருவரும் சேர்ந்து அதனைப் பார்வையிடும் வரி அதில் இருக்க வேண்டும். நம் சட்டப்பேரவை உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் எவராயினும், எக்கட்சியினராயினும், இதனைக் கேட்டு மடல் எழுதுவோம்.

இரண்டாவது, மாநில எல்லையைக் கடக்கும் ஒவ்வோர் ஆற்றிலும் நாள்தோறும் எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு போயிற்று என்பதை மக்கள் பார்க்கும்படி இரு அரசுகளும் வெளியிட வேண்டும். மறைத்து வைத்த அளவுதான் ஐயத்தின் தாய்.

மூன்றாவது, ஆற்றுநீர் வழக்குகள் தலைமுறை கடந்து நீளலாகாது. மாநிலங்களுக்கிடை ஆறுகளுக்கு வாரியங்கள் அமைக்க 1956-லேயே தனிச்சட்டம் இயற்றினர். அச்சட்டத்தின்கீழ் செயல்படும் வாரியம் ஒன்றுகூட எழவில்லை. நடுவணரசு நடுவர் நாற்காலியில் அமர்ந்துகொண்டு தேர்தல் கணக்குப் பார்ப்பது முறையன்று.

நான்காவது, வரும் ஆடிக்குள் நம்மில் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் கண்மாயின் வரத்துக்காலைத் தலைமடை முதல் கலுங்குவரை நடந்து பார்க்க வேண்டும். எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு என்று எழுதி ஊராட்சியிடமும் நீர்வளத்துறையிடமும் கொடுக்க வேண்டும். என் மாணவர்களோடு நான் தொடங்குகின்றேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். கலுங்கில் அந்தக் கோடு இன்னும் இருக்கின்றது. பாசி படர்ந்திருந்தது, துடைத்துப் பார்த்தேன். மூன்றாவது ஊர்க் காவலர் இன்று இல்லை; கூலிநெல் அளப்பாரும் இல்லை. கோட்டுக்கு மேலே மீண்டும் யாரோ சிமிட்டியால் ஒரு சாண் உயர்த்திப் பூசியிருக்கின்றனர். நான் அவ்வூர்க்காரன்; கேட்கும் உரிமை எனக்கு உண்டு. கேட்டேன். 'நம் ஊருக்காகத்தான் அண்ணாச்சி' என்றான் ஓர் இளைஞன். பதின்மூன்று அகவையில் நான் சொன்ன அதே சொல். அவனை அமரவைத்து, வகுப்புக்கு வராமற்போன அந்த மாணவனின் கதையைச் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, 'ஊர்க்கூட்டத்தில் நீங்களே வந்து சொல்லுங்கள்' என்றான். வரும் சித்திரையில் போகின்றேன்.

நமக்கு மேலே இருப்பவனிடம் உரிமை கேட்போம், உரத்தே கேட்போம். நமக்குக் கீழே இருப்பவனுக்கு அவன் பங்கை அளந்து விடுவோம். இரண்டையும் செய்கின்றவனையே முறை அறிந்தவன் என்று தமிழ் சொல்லும்.